காலத்தை முந்தியவர் எவரும் இல்லை

சென்ற வாரம் பெங்களூரில் ஒரு கருத்தரங்கு. இந்திய ராக் இசை பற்றிய அமர்வில் கொல்கத்தாவின் 'மொஹீனேர் கோராகுலி' குழுவைக் குறித்து ஒருவர் கட்டுரை வாசித்தார். நல்ல கட்டுரை. ஆண்டுகள் சரியாக இருந்தன, இசைத்தட்டுகளின் பெயர்கள் சரியாக இருந்தன. முடிவுரைக்கு வந்ததும், "அவர்கள் தம் காலத்தை முந்தியவர்கள், அதனால்தான் இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது கொண்டாடப்பட்டார்கள்" என்றார். அரங்கு கைதட்டியது. அமர்வுத் தலைவரும் அதே தொடரைத் திருப்பிச் சொல்லி நன்றி நவின்றார். கேள்வி கேட்க எழுந்தேன். நேரமாகிவிட்டது, தேநீர் ஆறுகிறது என்றார்கள். அங்கே கேட்க முடியாமற்போனதை இங்கே எழுதுகிறேன்.

கட்டுரையாளர்மீது எனக்குக் குறை ஏதுமில்லை. அந்தத் தொடரை நானும் என் முதுகலை ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன். நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன். அதனாலேயே அதன் சுகம் எனக்குத் தெரியும். ஒரு கலைஞர் ஏன் கேட்கப்படவில்லை என்று ஆராய வேண்டிய இடத்தில் அந்தத் தொடரை வைத்துவிட்டால் ஆராய்ச்சி முடிந்துபோகிறது. பாராட்டின் உடையில் வருவதால் எவரும் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை. என் வாதம் எளியது: 'காலத்தை முந்தியவர்' என்பது விமரிசனச் சொல்லே அன்று. அது ஒரு விடுதலைப் பத்திரம். அதனால் விடுவிக்கப்படுபவர்கள், கேட்க வேண்டிய நேரத்தில் கேளாதிருந்தவர்கள்.

இக்குழுவை அறியாத தமிழ் வாசகர்களுக்காகச் சில செய்திகள். 1975இல் கொல்கத்தாவில் எழுவர் சேர்ந்து அமைத்த குழு இது. மையமாக இருந்தவர் கௌதம் சட்டோபாத்யாய். நக்சல்பாரி இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்று மீண்டவர். அவருடைய தம்பி பிஸ்வநாத், பிரதீப் சட்டர்ஜி, ரஞ்சன் கோஷால், தாபஸ் தாஸ், தபேஷ் பந்தோபாத்யாய், ஆபிரகாம் மஜும்தார் ஆகியோர் ஏனைய அறுவர். கித்தார், சாக்சபோன், வயலின், டிரம்ஸ் ஆகியவற்றோடு பாவுல் பாடகர்களின் மெட்டையும் மொழியையும் அவர்கள் இணைத்தார்கள். குழுவின் பெயருக்கு 'மகீனின் குதிரைகள்' என்று பொருள். ஜீபனானந்த தாஸின் கவிதை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அதைச் சூட்டிய ரஞ்சன் கோஷால் பிற்காலத்தில் பெங்களூரில் குடியேறி, விளம்பரத் துறையிலும் நாடகத்திலும் இயங்கி, 2020இல் இந்நகரிலேயே காலமானார். 1977, 1978, 1979 என ஆண்டுக்கு ஒன்றாக மூன்று இசைத்தட்டுகள் வெளிவந்தன. கேட்டவர் சிலர், நகைத்தவர் பலர். 1981இல் குழு கலைந்தது.

1995இல் கொல்கத்தா புத்தகக் கண்காட்சியில் 'ஆபார் போச்சோர் குரி போரே' என்ற ஒலிநாடா வெளியாயிற்று. 'மீண்டும் ஓர் இருபது ஆண்டுகளுக்குப் பின்' என்பது பொருள்; இத்தலைப்பும் ஜீபனானந்தரிடமிருந்து வந்ததே. அதில் இருந்த 'பிரிதிபிட்டா நாகி' என்ற பாடல் வங்காள இளைஞர்களின் நாவில் ஏறியது. கல்லூரி விழாக்களில் பாடப்பட்டது. கித்தார் பழகுகிறவர்களின் முதற்பாடங்களுள் ஒன்றாயிற்று. முன்பு எவரும் பொருட்படுத்தாத குழு, இப்போது வங்காள ராக் இசையின் முன்னோடி எனப் போற்றப்பட்டது. வரவேற்பின் கதை இவ்வளவே. இதற்கு நாம் தரும் விளக்கந்தான் 'காலத்தை முந்தியவர்கள்' என்பது.

அந்த விளக்கத்தைச் சற்றே உரைத்துப் பார்ப்போம். 1977இன் இசைத்தட்டில் காலத்தை முந்தியது எது? கித்தாரா? கொல்கத்தாவின் பார்க் தெரு உணவகங்களில் ஆங்கிலப் பாடல்களை வாசிக்கும் குழுக்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இருந்தன. மேலைச் சுரச்சேர்க்கையா? சலில் சௌத்ரி அதை வங்காளப் பாட்டுக்குள் எப்போதோ கொண்டுவந்துவிட்டார். பாவுல் மெட்டா? அது நூற்றாண்டுகள் பழையது. பாடுபொருளா? முதல் இசைத்தட்டின் தலைப்பே கலக்கமுற்ற பறவைகளையும் கொல்கத்தா நகரையும் பற்றியது. எழுபதுகளின் கொல்கத்தாவில் கலக்கம் எதிர்காலத்துச் சரக்காகவா இருந்தது? தெருவில் இளைஞர்கள் கொல்லப்பட்ட ஆண்டுகள் முடிந்திருந்தன. நெருக்கடி நிலை அப்போதுதான் விலகியிருந்தது. சிறையிலிருந்து வந்த ஒருவர் அன்றைய நகரத்தை அன்றைய கருவிகளைக் கொண்டு பாடினார். தம் காலத்தோடு இதைவிட ஒட்டி நிற்க ஒரு கலைஞரால் எப்படி முடியும்?

திரும்பி வந்த பாடலை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். தொலைக்காட்சி உலகத்தை வீட்டுக்கூடத்துக்குள் சுருக்கிவிட்டதையும், அருகிருக்கும் மனிதர்களுக்கிடையே தூரம் பெருகிவிட்டதையும் பற்றியது அப்பாடல். இந்திய வீடுகளுக்குள் செயற்கைக்கோள் தொலைக்காட்சி நுழைந்தது 1991இல். பாடல் வந்தது 1995இல். நான்கே ஆண்டுகள். கேபிள் கம்பி தெருத் தெருவாக இழுக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது அந்தக் கம்பியைப் பற்றியே பாடியவர்களை நாம் 'காலத்தை முந்தியவர்கள்' என்கிறோம். அவர்கள் நேரத்துக்கு வந்தார்கள். 1977லும் நேரத்துக்குத்தான் வந்திருந்தார்கள்.

அப்படியானால் இரண்டு வரவேற்புகளுக்கும் இடையே மாறியது எது? மக்களின் செவி முதிர்ந்துவிட்டது என்பது நமக்குப் பிடித்த விடை. நான் பொருளியல் விடையைக் கேட்கிறேன். எழுபதுகளில் இசைத்தட்டு வாங்கிக் கேட்பதற்குக் கருவி வேண்டும். அது வசதி படைத்த வீடுகளின் பொருள். இந்திய இசைத்தட்டுச் சந்தையில் கிராமபோன் கம்பெனியின் ஆதிக்கம் அசைக்க முடியாததாக இருந்தது. எண்பதுகளில் ஒலிநாடா வந்து இந்த அமைப்பை உடைத்தது. மலிவான கருவி, மலிவான படி, வீட்டிலேயே பிரதி எடுக்கும் வசதி. வட இந்தியாவில் இது எத்தகைய குலுக்கலை உண்டாக்கியது என்பதைப் பீட்டர் மானுவலின் 'கேசட் கல்ச்சர்' நூல் 1993லேயே விரிவாகக் காட்டிவிட்டது. வங்காளத்தில் இன்னொன்றும் நடந்தது: 1992இல் சுமன் சட்டோபாத்யாயின் 'தோமாகே சாய்' வெளிவந்து, திரைப்படத்துக்கு வெளியே, தானே எழுதித் தானே பாடும் நகரப் பாட்டுக்குச் சந்தை உண்டென்று நிறுவியது. அந்தச் சந்தை திறந்து மூன்றாம் ஆண்டில் மொஹீனேர் கோராகுலி திரும்பியது. முதிர்ந்தது செவி என்பதைவிட, செவியை எட்டும் வழி என்பதே பொருத்தம்.

நம் துறைக்குள்ளேயே இதற்கு ஒரு கண்ணாடி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சங்கப் பாடல்கள் மீண்டும் வாசிப்புக்கு வந்தபோது, "கபிலர் தம் காலத்தை ஈராயிரம் ஆண்டு முந்தியவர்" என்று எவரும் சொல்லவில்லை. ஏடு எங்கே இருந்தது, யார் தேடினார், யார் ஒப்புநோக்கினார், அச்சுக்கூலி யார் கொடுத்தார் என்று கேட்டோம். சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் நமக்கு அதனால்தான் முக்கியமானவர்கள். ஒரு பாட்டு மீண்டு வருவதற்குப் பின்னால் உழைப்பும் பணமும் தொழில்நுட்பமும் இருக்கின்றன என்பது தமிழ் மாணவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய செய்தி அன்று. கித்தாரைக் கண்டதும் அது ஏன் மறந்துபோகிறது?

இந்த ஒப்புமை தற்செயலானதும் இல்லை. 1995இல் நடந்ததை 'மறுவருகை' என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பழைய எழுவர் மேடையேறிப் பழைய பாடல்களைப் பாடியதுபோல ஒரு சித்திரம் மனத்தில் எழுகிறது. உண்மையில் அந்த ஒலிநாடாவும் அதைத் தொடர்ந்து தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வந்த தொகுப்புகளும் மொஹீனேர் கோராகுலி 'சம்பாதித்த' பாடல்களாகவே வெளியாயின. வங்காளத்தில் அச்சொல்லுக்குப் 'பதிப்பித்த' என்று பொருள். இளைய தலைமுறைப் பாடகர்களின் குரல்கள் அவற்றில் இருந்தன. அருணேந்து தாஸ் போன்று, நண்பர் வட்டத்துக்கு வெளியே அதிகம் கேட்கப்படாதிருந்தவர்களின் பாடல்கள் இருந்தன. ஒரு ராக் குழு தன் பெயரைப் பதிப்பகத்தின் பெயரைப்போல ஆக்கிப் பிறருக்குக் கொடுத்தது. தாம் கேட்கப்படாமற்போன அனுபவத்திலிருந்து கௌதம் கற்ற பாடம் இதுவென்றே நான் வாசிக்கிறேன்: கேட்கப்படாதவரைக் கேட்கச் செய்ய ஓர் அமைப்பு வேண்டும், அது இல்லாவிட்டால் அதை நாமே ஆக வேண்டும்.

இவ்வளவு அரிய செயலை நம் வரவேற்பு எப்படிப் பெற்றுக்கொண்டது? 1999இல் கௌதம் மறைந்தார். பதிப்பாசிரியர் மறைந்ததும் பதிப்பு மறக்கப்பட்டது. மேதையின் உருவப்படம் மட்டும் சுவரில் ஏறியது. பலரின் பாடல்கள் ஒரே பெயரின்கீழ்ப் புராணமாயின. கூட்டுழைப்பைத் தனிமேதையாகச் சுருக்குவதற்கும் 'காலத்தை முந்தியவர்' என்ற தொடர் வசதியாக இருக்கிறது. காலத்தை முந்தி ஓடுகிறவர் தனியாகத்தானே ஓட வேண்டும்?

2006இல் 'கேங்ஸ்டர்' என்ற இந்தித் திரைப்படம் வந்தது. பிரீதமின் இசையில் 'பீகி பீகி' என்ற பாடல் நாடெங்கும் ஒலித்தது. மெட்டு 'பிரிதிபிட்டா நாகி'யினுடையது. தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றிய பாட்டு, அந்தப் பெட்டியிலேயே இரவும் பகலும் ஓடும் ஈரமான காதற்பாட்டாக மாறிற்று. இதைக் குழுவின் இறுதி வெற்றியாக எழுதுகிற கட்டுரைகளை வாசித்திருக்கிறேன். மெட்டைப் பெற்றுக்கொண்டு அது சொன்னதைக் கழற்றி எறிவதற்கு வரவேற்பு என்று பெயரானால், இறைச்சிக் கடைக்காரரை ஆட்டின் ரசிகர் என்றும் சொல்லலாம். நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அதைப் பாடியவர் வங்கதேசத்து ராக் பாடகர் ஜேம்ஸ். அந்தக் குரல் எல்லை தாண்டி வந்ததில் ஒரு பொருத்தம் இருந்தது. அப்பாடலைக் கேட்டபின் மூலத்தைத் தேடிச் சென்றவர்களும் பலர். நானும் அவ்வழியே சென்றவன்தான். ஆனால் தேடிச் சென்றது கேட்டவரின் முயற்சி. திரைப்படத்தின் கொடை அன்று.

தமிழர்களாகிய நாம் இதை வேடிக்கை பார்க்கும் தொலைவில் இல்லை. இலங்கையில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பைலாத் தாளத்தில் ஒரு தமிழ்ப் பொப் இசையை உருவாக்கியிருந்தார்கள். 'சுராங்கனி' தமிழகத்துக்கு வந்து, 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவின் இசையில் மலேசியா வாசுதேவன் பாடிய திரைப்பாட்டாயிற்று. அது நல்ல பாட்டு. அதைக் குறை சொல்லவில்லை. நான் கேட்பது, அந்தப் பாட்டைக் கொடுத்த இசை இயக்கத்தைப் பற்றித் தமிழகப் பல்கலைக்கழகங்களில் நாம் எத்தனை பக்கங்கள் எழுதியிருக்கிறோம் என்பதை. மொஹீனேர் கோராகுலியின் முதல் இசைத்தட்டு வந்ததும் அதே 1977தான். கொல்கத்தாவில் திரைக்கு வெளியே நின்ற பாட்டு கேட்கப்படாமல் காத்திருந்தது. சென்னையில் திரைக்கு வெளியே பிறந்த பாட்டு திரைக்குள் போனபிறகே பெரும்பாலோர் காதுக்கு எட்டியது.

இனி எதிர்வாதத்துக்கு வருகிறேன். "காலம் ஒரு சல்லடை, நல்லது தங்கும், மற்றது உதிரும். மொஹீனேர் கோராகுலி திரும்பி வந்ததே அவர்களின் தரத்துக்குச் சான்று" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திரும்பி வந்தவர்களை மட்டும் எண்ணி வைத்துக்கொண்டு, நல்லவர்கள் எல்லாரும் திரும்புவார்கள் என்று முடிவு கட்டுவது புள்ளியியல் முதலாண்டு மாணவருக்கே தெரிந்த பிழை. பெங்களூரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. 1970லும் 1971லும் இம்பீரியல் டொபாக்கோ நிறுவனத்தின் ஆதரவில் 'சிம்லா பீட்' என்ற இசைக்குழுப் போட்டிகள் நடந்தன. சிகரெட் விளம்பரமே அதன் நோக்கம். தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களின் பாடல்கள் இசைத்தட்டுகளாயின. 1970ஆம் ஆண்டுத் தட்டில் பெங்களூரின் 'தி டைனோசர்ஸ்' குழுவும் இருந்தது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களின் ஆர்வத்தால் அந்தத் தட்டுகள் பிற்பாடு மறுவெளியீடு பெற்றன. ஒரு சிகரெட் விளம்பரம் இல்லாதிருந்தால் அந்தக் குரல்கள் பதிவாகியே இரா. இதில் காலத்தின் சல்லடை எங்கே இருக்கிறது? விளம்பரச் செலவும் சேகரிப்பாளரின் அலமாரியும் இருக்கின்றன. ரோலிங் ஸ்டோன்ஸும் மெட்டாலிக்காவும் அரண்மனை மைதானத்தில் பாடியதைச் சொல்லித் தன்னை ராக் தலைநகர் என்று அழைத்துக்கொள்ளும் இந்நகரத்தில், 1970இன் உள்ளூர்க் குழு எது என்று கேட்டால் எத்தனை பேர் விடை சொல்வார்கள்?

போற்றுதலின் இன்னொரு பக்கத்தையும் பார்த்துவிடுவோம். குழுவின் எழுவருள் ஒருவரான தாபஸ் தாஸ், 'பாபி தா' என்று அன்போடு அழைக்கப்பட்டவர், 2023இல் புற்றுநோயால் மறைந்தார். அவருடைய சிகிச்சைக்காக இசைக்கலைஞர்கள் நிதி திரட்ட வேண்டியிருந்தது. முன்னோடி என்று முப்பது ஆண்டுகளாக மாலையிடப்பட்ட ஒரு குழுவின் உறுப்பினருக்கு அந்த மாலை மருத்துவமனைக் கட்டணத்துக்கு உதவவில்லை. நிதி திரட்டிய இளைஞர்களை வணங்குகிறேன். ஆயினும் 'காலம் அவர்களை அங்கீகரித்துவிட்டது' என்று எழுதும்போது, அந்த அங்கீகாரத்தில் உரிமைத்தொகை எவ்வளவு, புகழுரை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் கடமை ஆய்வாளருக்கு இருக்கிறது.

இதையெல்லாம் பழங்கதையாக நான் எழுதவில்லை. என் விடுதி அறைத்தோழர் ஒரு ராக் குழுவில் பாடுகிறார். நால்வர், பாடல்கள் தமிழில், அவர்களே எழுதியவை. சென்ற ஆண்டு இந்நகரின் ஒரு மதுக்கூடத்தில் அவர்கள் பாடியபோது கேட்க வந்தவர்கள் பதினொரு பேர். அவர்களுள் ஐவர் எங்கள் விடுதி. இடைவேளையில் மேலாளர் வந்து, பின்பாதியில் திரைப்பாடல்களை வாசித்தால் நல்லது என்று பணிவாகவே சொன்னார். நிகழ்ச்சி முடிந்து இசைக்கருவிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, எங்களோடு வந்த ஓர் உதவிப் பேராசிரியர் அறைத்தோழரின் தோளைத் தட்டி, "கவலைப்படாதீங்க தம்பி, நீங்கல்லாம் காலத்துக்கு முன்னாடி வந்தவங்க. ஒருநாள் உலகம் புரிஞ்சுக்கும்" என்றார். "சரிங்க சார்" என்றார் இவர். ஆட்டோ கிளம்பியதும் என்னிடம், "ஒலிப்பெருக்கி வாடகை மட்டும் சரியா இந்தக் காலத்துலயே வந்துடுதே" என்றார்.

அந்தப் பேராசிரியர் நல்லவர். அவர் சொன்னதில் அன்பு இருந்தது. ஆனால் அந்த அன்பு செய்த வேலையைப் பாருங்கள். பதினொரு பேர் மட்டும் வந்ததற்குக் காரணம் காலமாகிவிட்டது. திரைப்பாட்டைக் கேட்ட மேலாளருக்கும், ஒரு வரி விமரிசனமும் எழுதாத எனக்கும், தமிழ்ப் பாடல் என்றால் திரைப்பாடல் என்று பாடத்திட்டம் வகுத்திருக்கும் நம் துறைகளுக்கும் அதில் பங்கில்லாமல் போயிற்று. இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து, அதிர்ஷ்டம் இருந்தால், அந்த நால்வரில் எஞ்சியவர் திரும்பி வரும்போது நாம் ஒரு கருத்தரங்கு நடத்தி அதே தொடரைச் சொல்லிக் கைதட்டுவோம்.

ஆகவே சக ஆய்வாளர்களிடம் சில வேண்டுகோள்கள். முதலாவது, அந்தத் தொடரை நம் ஆய்வேடுகளிலிருந்து நீக்குவோம். அது வர வேண்டும் என்று தோன்றும் இடத்தில், அன்று பாட்டு மக்களை அடைய எந்த வழி இருந்தது, அது யார் கையில் இருந்தது என்று எழுதுவோம். இரண்டாவது, 'மறுவருகை' என்று எழுதும்போதெல்லாம், திரும்பிக் கொண்டுவந்தவர் யார், யாருடைய பாடல்கள் யாருடைய பெயரில் வந்தன என்று பெயர் பெயராகக் குறிப்போம். மூன்றாவது, நிகழ்காலத்துக்கு வருவோம். உங்கள் ஊரில் இந்த மாதம் யாராவது சொந்தப் பாடல்களைப் பாடுகிறார்கள் என்றால் சீட்டு வாங்கிப் போய்க் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுதுங்கள்; கேட்டுவிட்டுத் திட்டுவதும் வரவேற்புதான். தேதி, இடம், பாடல்களின் பெயர், வந்தவர் எண்ணிக்கை நான்கையும் மறவாமல் குறியுங்கள். இருபது ஆண்டுகள் கழித்து எவரோ ஓர் ஆய்வு மாணவர் அந்தக் குறிப்பைத் தேடி அலைவார்.

கருத்தரங்கில் நான் கேட்க எழுந்த கேள்வியும் இதுதான். அதைக் கட்டுரையாளருக்கும் எனக்கும் சேர்த்தே இங்கே வைக்கிறேன்: 1977இல் அந்த இசைத்தட்டு எத்தனை படிகள் அச்சாயின, எந்தெந்தக் கடைகளில் கிடைத்தது, எந்தப் பத்திரிகைக்கு மதிப்புரைக்கு அனுப்பப்பட்டது, அந்த மதிப்புரையை எழுதாமல் விட்டவர்கள் யார்?